பெயர்களின் வரலாறு – 9: பேரேடு கேட்ட குடும்பப்பெயர்

சென்ற அத்தியாயத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டைப் பார்த்தோம். முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 ஆடல் மகளிரின் பெயர்கள் அதில் உள்ளன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீட்டில் இருந்தவர் என்ற விவரமும் கல்லில் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்று வருகிறது. அது சிவபெருமானின் பெயர். தந்தையின் பெயர் நிற்கும் இடத்தில் இறைவனின் பெயரை நிறுத்தியிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்த சான்றுகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தெரியும். புகளூர்க் குகையில் சேர அரசன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. சங்கப் புலவர்களில் கோவூர் கிழாருக்கு ஊர் முன்னால் நிற்கிறது. கூலவாணிகன் சாத்தனாருக்கு மதுரையும் தொழிலும் முன்னால் நிற்கின்றன. நக்கீரனாரோ மதுரைக் கணக்காயனார் மகனார். சாத்தனின் மகன் கொற்றன் என்றால் 'சாத்தங்கொற்றன்' என்று இரு பெயரும் எப்படிப் புணரும் என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. பெரிய கோயிலில் திருச்சுற்று மாளிகை எடுத்த படைத்தலைவன், கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமராயன். இதில் கிருஷ்ணன் தந்தை, இராமன் ஆள், பிரமராயன் அரசன் கொடுத்த பட்டம்.

ஊரும் தொழிலும் தந்தையும் முன்னால் நிற்க, ஆளின் சொந்தப் பெயர் அவற்றுக்குப் பின்னால் வரும். அந்த ஆளுக்கு மகன் பிறந்தால் தந்தையின் பெயர் முன்னால் ஏறும், தாத்தாவின் பெயர் உதிர்ந்துவிடும். உதிர்ந்த பெயரைப் பேரனுக்கோ பேத்திக்கோ வைத்து மீட்டுக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டு வரும் ஒரே குடும்பப்பெயர் என்ற வழக்கம் தமிழரிடம் வேரூன்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுகள் அதைக் கேட்டன. பிறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல் போன்ற ஏடுகளில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் தமிழர்கள் என்ன எழுதினார்கள், அல்லது அவர்களுக்காக யார் என்ன எழுதினார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

நேட்டால்: உறைந்துபோன பட்டங்கள்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில், 1911 வரை, சுமார் 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. எண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று விவரங்கள் பதிவாயின. பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான் இருக்கும்: முனுசாமி, பெருமாள், அலமேலு. ஊரில் இவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. எண்தான் ஆளாயிற்று.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் மணம் செய்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், நிலம் வாங்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் குடும்பப்பெயர் வேண்டியிருந்தது. சிலருக்குத் தந்தையின் பெயரே அந்தக் கட்டத்தில் விழுந்தது. முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி என்ற குடும்பங்கள் அப்படி உருவாயின. மற்றவர்களுக்குச் சாதிப் பட்டம் விழுந்தது. நாயுடு, பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி ஆகியவை அங்கே குடும்பப்பெயர்கள் ஆயின. முதலியார் 'மூட்லி' ஆயிற்று. கவுண்டர் 'கோவெண்டர்' ஆயிற்று. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் அப்படியே சட்டப் பெயராக நிலைத்தது.

ஊரில் அந்தப் பட்டம் ஒருவர் பெயரின் வாலாக இருந்தது. விரும்பினால் சேர்க்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். நேட்டாலிலோ பிறப்புச் சான்றிதழில் ஏறிய பிறகு அது பிள்ளைக்கும் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் கட்டாயச் சொத்தாகிவிட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்தவர். உலகம் அவரை 'நவி பிள்ளை' என்று அந்தக் குடும்பப்பெயரோடு அழைக்கிறது.

இந்தப் பெயர்களின் மேல் புதிய வரலாறும் படிந்தது என்பதை மறக்கக் கூடாது. காந்தியின் சத்தியாகிரகத்தில் திரும்பத் திரும்பச் சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு, இனவெறி அரசை எதிர்த்து ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டுகள் இருந்தார். அந்தக் குடும்பத்தில் நாயுடு என்பது சாதியைச் சொல்லவில்லை. ஒரு போராட்டப் பரம்பரையைச் சொல்கிறது.

அதே சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவர் பெயர் அங்கே தந்தையின் பெயரோடும் முதலியார் பட்டத்தோடும் எழுதப்பட்டது. அவரைத் தன் மகளாக ஏற்றுக்கொண்ட தமிழகம் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வேர் இருந்த ஊரை எடுத்து முன்னால் வைத்துத் தில்லையாடி வள்ளியம்மை என்று அழைத்தது. கோவூர் கிழாருக்கு ஊர் முன்னால் நின்ற அதே முறை.

பிரெஞ்சுத் தீவுகள்: பாட்டனின் பெயர் பரம்பரைப் பெயர்

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான 60,000க்கும் மேற்பட்ட மக்களுக்கு அதிகாரிகள் மளமளவென்று குடும்பப்பெயர்களை எழுதிக் கொடுத்தார்கள். விடுதலையானவர்கள் விட்டுச்சென்ற தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1854 டிசம்பரில் கரீபியத் தீவான குவாதலூப்புக்கும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது.

பிரெஞ்சுப் பதிவேட்டில் வந்திறங்கிய ஆளின் சொந்தப் பெயரே பெரும்பாலும் பரம்பரைப் பெயர் ஆயிற்று. ராமசாமி, வீராசாமி, முத்துசாமி என்பவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதே பெயரைப் பின்னால் சுமந்தார்கள். அதற்கு முன்னால் ழான், பியேர், மரி என்று ஞானஸ்நானப் பெயர் சேர்ந்தது. மொழி மறந்து, உடை மாறிய பிறகும் அந்தப் பின்பெயர் மட்டும் தமிழாகவே நின்றது. குவாதலூப்பின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய எர்னெஸ்ட் முத்துசாமி இதற்குச் சான்று.

அந்தத் தீவில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவரை ஒவ்வொரு தமிழ் மாணவரும் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்திருந்தும் அவர்கள் குடிமக்கள் அல்லர், வாக்குரிமை இல்லை என்றது ஆட்சி. இவர் 1904இல் வழக்கில் இறங்கினார். 1923இல் அந்த உரிமை கிடைக்கும்வரை ஓயவில்லை. தில்லையின் பெயரைத் தாங்கிய ஒருவர், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், தம்மவர் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறுவதற்காக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராடினார்.

புதுச்சேரி: தானே தேர்ந்த பெயர்

பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில் கதை வேறு விதமாக நடந்தது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார்.

1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. சாதி, சமய வழிப்பட்ட தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர்கள் அதை அறிவித்துப் பதிவு செய்யலாம். பதிவு செய்கிறவர் தமக்கும் தம் வழியினருக்கும் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை தம் பட்டத்தை விட்டு 'லா போர்த்' என்று பெயர் பூண்டார். கதவு என்று பொருள். தம் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகவே அவர் அதைக் கருதினார்.

அவருக்குப் பின்னால் பலர் வந்தார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் மிகுதி. தாங்கள் யார் என்பதை ஊர் முடிவு செய்த காலம் போய், தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட பெயர் அது. நேட்டாலில் பதிவேடு சாதியை உறைய வைத்த அதே தலைமுறையில், புதுச்சேரியில் பதிவேடு சாதியிலிருந்து வெளியேறும் வழியாயிற்று. பெயரை எழுதிய கை யாருடையது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

சென்னை மாகாணம்: ஓரெழுத்தில் ஒரு தலைமுறை

சொந்த மண்ணில் என்ன நடந்தது? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தேர்வுப் பட்டியல், அலுவலகக் கோப்பு, நீதிமன்றத் தீர்ப்பு என எங்கும் பெயர்கள் ஆங்கிலத்தில் ஏறின. ஆங்கிலேயர் தம் பெயரில் முன்பகுதிகளை ஓரெழுத்தாகச் சுருக்கிக் கடைசிப் பகுதியை முழுதாக எழுதுவார்கள். தமிழர்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். ஊரையும் தந்தையையும் ஓரெழுத்தாக்கி முன்னால் வைத்து, தம் பெயரை முழுதாக எழுதினார்கள். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன், உ.வே.சா. ஆனார். ஈரோட்டு வெங்கட்டரின் மகன் ராமசாமி, ஈ.வெ.ரா. ஆனார்.

தாளில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பது நேர் எதிரானது. ஆங்கிலேயர் பெயரில் முழுதாக நிற்பது குடும்பம், சுருங்கியது ஆள். தமிழர் பெயரில் முழுதாக நிற்பது ஆள், சுருங்கியது குடும்பம். சாத்தங்கொற்றனின் கட்டுமானம் அயல்நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படியே பிழைத்துக்கொண்டது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு குடும்பத்தைப் பார்த்தால் போதும். சந்திரசேகர ஐயரின் மகன் வேங்கடராமன். தந்தை பெயரைச் சுருக்கி, தம் பெயரையும் இரண்டாகப் பிரித்து, அவர் சி.வி. ராமன் ஆனார். 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் சுப்பிரமணியன் தம் மகனுக்குத் தந்தையின் பெயரையே வைத்தார். தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்தது. அந்தப் பேரன்தான் 1983இல் அதே பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்ணில் 1999இல் ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர் ஆய்வகம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சிறிய தந்தையும் மகனும் என்ற உறவுடைய இருவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். பெயரைக் கொண்டு மேலைநாட்டார் எவரும் அவர்களை ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது. நம் கண்ணுக்கோ உறவு பளிச்சென்று தெரியும். ராமனின் முதல் எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் பெயரும், சந்திரசேகரின் சொந்தப் பெயரும் ஒன்றே. இரண்டும் அந்தப் பாட்டனார்தான்.

பட்டத்தை இறக்கி வைத்த தலைமுறை

தலைப்பெழுத்து முன்னால் நின்றபோதே, பின்னால் சாதிப் பட்டமும் நின்றது. ஐயர், முதலியார், பிள்ளை, நாயக்கர், செட்டியார் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பட்டம் இல்லாத தலைவர் பெயரைக் காண்பது அரிது. பட்டம் போட்டுக்கொள்ளும் தகுதி ஊர் ஒப்புக்கொண்ட சாதிகளுக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் பெயரை 'அன்' விகுதியோடுகூடச் சொல்ல விடாமல், முனியன் என்று வைத்தால் முனி என்று குறுக்கி ஏவிய காலம் அது. எனவே பெயரின் வாலில் நின்ற அந்தச் சொல் வெறும் அடையாளம் அன்று. யார் யாருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பதைச் சொன்ன கட்டளை.

1927 இறுதியில் ஈ.வெ.ரா. தம் 'குடி அரசு' இதழில் தம் பெயரின் பின்னிருந்த 'நாயக்கர்' பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டங்களையும் சாதிக் குறிகளையும் கைவிட வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. பெண்களுக்குச் சொத்துரிமையை வலியுறுத்தியதும் அதே மாநாடுதான்.

அது ஒரு மாநாட்டின் தீர்மானம், சட்டம் அன்று. மீறினால் தண்டனை கிடையாது. ஆனாலும் அடுத்த இரண்டு தலைமுறைகளில் தமிழ்நாட்டில் பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பது அரிதாயிற்று. காஞ்சிபுரம் நடராச முதலியாரின் மகன் வெறும் அண்ணாதுரையாகவே முதலமைச்சர் ஆனார். தனித்தமிழ் இயக்கம் வேறொரு பக்கமிருந்து துணை நின்றது. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாங்குளம் குகையில் வெட்டப்பட்ட நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர், சென்னைச் சட்டமன்றத்தில் மீண்டும் கூப்பிடப்பட்டது. 2021இல் பள்ளிப் பாடநூல்களில்கூடத் தலைவர்கள், அறிஞர்கள் பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டுகள் எடுக்கப்பட்டன.

பட்டத்தை விடுவது ஏன் இங்கே இயன்றது? கொள்கையின் வலிமை முதற்காரணம். அதோடு, பெயரின் அமைப்பும் இடம் கொடுத்தது. பட்டம் இங்கே சட்டத்தால் உறைந்த குடும்பப்பெயர் ஆகவில்லை. அதை எடுத்துவிட்டாலும் ஆள் யார் என்று சொல்ல ஊரும் தந்தையும் ஓரெழுத்தாக முன்னால் இருந்தார்கள். ஈ.வெ. ராமசாமி நாயக்கரிடமிருந்து கடைசிச் சொல்லை எடுத்தால் ஈ.வெ. ராமசாமி முழுதாக மிஞ்சினார். நேட்டாலில் பிறந்த ஒரு கோவெண்டருக்கு அந்த வசதி இல்லை.

பெயரிலிருந்து சாதி போனதால் மனத்திலிருந்தும் தெருவிலிருந்தும் அது போய்விடவில்லை. நாள்தோறும் நாம் படிக்கும் செய்திகளே அதற்குச் சாட்சி. ஆனாலும் வகுப்பறையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, நேர்காணலில் பெயர் கேட்கும்போது, ஒரு பிள்ளையின் சாதி அறையெங்கும் ஒலிப்பதில்லை. அது சிறிய வெற்றி அன்று.

முடியாத பணி: தாயின் எழுத்து

தலைப்பெழுத்தில் ஒரு குறை நெடுங்காலமாக இருக்கிறது. அதில் தந்தை உண்டு, தாய் இல்லை. பெண்ணுக்கு மணமானதும் தந்தையின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வருகிறது. சான்றிதழில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் ஒரு எழுத்து என்று எத்தனையோ பெண்கள் அலுவலகங்களில் அலைகிறார்கள்.

தாயின் எழுத்து நம் வரலாற்றில் இல்லாதது அன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது எழுத்து அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. இசை மரபுக் குடும்பங்களில் பெண்வழிப் பெயர் இயல்பாக இருந்தது. சமூகம் அதைக் குறையாகப் பார்த்தது. அந்த இரண்டெழுத்தை உலகமே வணங்கிச் சொல்லும்படி ஆக்கினார் மகள்.

இன்று வேறொரு பேரேடு அதே பழைய கேள்வியோடு நம் முன் நிற்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர், கொடுத்த பெயர் என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புதிய விதியால் விமான நிலையங்களில் தவித்தார்கள். மலேசியாவில் தந்தை பெயருக்கு முன் 'மகன்', 'மகள்' என்று மலாயில் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்து வழி கண்டார்கள். அங்கே தந்தையின் பெயர் பின்னால் போயிற்று, ஆனால் பரம்பரைப் பெயராக உறையவில்லை.

அயல்நாட்டுக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் அந்தக் கட்டத்தை நிரப்ப, தாத்தா இறக்கி வைத்த பட்டத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். அவர்களுக்கும், குழந்தைக்குப் பெயர் பதியப்போகும் ஒவ்வொரு இளம் பெற்றோருக்கும் இந்தத் தொடரின் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுங்கள். தாயின் பெயரை எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், அல்லது ஊரின் பெயரை எழுதுங்கள். இவை எல்லாவற்றுக்கும் நம் மரபில் இடமுண்டு. சாதிப் பட்டத்தை மட்டும் எழுதாதீர்கள். அதை நேட்டாலில் பிறர் நம் மேல் எழுதினார்கள். இன்று பேனா நம் கையில் இருக்கிறது.

(தொடரும்)